ஏழு பாடு, ஒரு ஊசி

என் தங்கைக்கு ஊசி போட வேண்டிய நாளை எங்கள் வீட்டில் யாரும் மறக்காமல் இருப்பதற்கு நான் ஒரு கணக்கு கண்டுபிடித்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கண்டுபிடித்த அன்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. போட்டுக்கொண்டும் இருக்கிறேன், பல நாள்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டில் எங்கள் ஊர். கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பஸ் எதுவாக இருந்தாலும் படகு ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். அதனால் எங்கள் ஊரில் காய்ச்சல் இரண்டே வகை. தானாகப் போகிற காய்ச்சல், படகு ஏற்றுகிற காய்ச்சல். எழுபதுகளின் கடைசியில் தங்கைக்கு வந்தது முதல் வகைதான். தொண்டை வலி, மூன்று நாள் சூடு. அம்மா உப்புப் போட்ட வெந்நீரைக் கொப்பளிக்க வைத்தாள். போய்விட்டது. அவளுக்குப் பத்து வயது. நான்காம் நாள் மணலில் ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து அவளுடைய வலது முட்டி வீங்கியது. அது வற்றியதும் இடது முட்டி. அப்புறம் கணுக்கால், முழங்கை. வலி ஓர் இடத்தில் நிற்காமல் வீடு மாற்றிக்கொண்டே இருந்தது. வாயு என்றார்கள், எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள், மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். படகுத் துறைக்கும் வீட்டுக்கும் நடுவில் அவள் இரண்டு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கியதைப் பார்த்த பிறகுதான் நைனா படகை எடுத்தார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை. தொண்டையில் வந்த கிருமி போய்விட்டது, ஆனால் அதை விரட்ட உடம்பு செய்த ஆயுதம் இதயத்தின் வால்வைத் தொட்டுவிட்டது என்றார். நைனாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். "இன்னொரு தடவ அந்தத் தொண்டை வலி வரக்கூடாது. வந்தா வால்வு தாங்காது. இருபத்தோரு நாளைக்கு ஒரு பெனிசிலின் ஊசி. வளந்து ஆளாகி நான் போதும்னு சொல்ற வரைக்கும். ஒண்ணுகூடத் தவறக்கூடாது" என்றார். அது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

ஊசி போட்டது அக்கரை ஆஸ்பத்திரியில் இருந்த கம்பவுண்டர் பாய். அந்த மருந்து கரைத்த சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக இருக்கும். ஊசியில் அடைத்துக்கொள்ளும். இடுப்பில் போட்டால் இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார முடியாது. "பாய், நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க" என்று ஒவ்வொரு முறையும் தங்கை கத்துவாள். "நான் நல்லா இல்லன்னா உனக்கு யாரும்மா ஊசி போடுவாங்க?" என்று அவர் பஞ்சை வைத்துத் தேய்ப்பார். திரும்பிவரும் படகில் அழுதுகொண்டே அவரை மாதிரி பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள்.

முதல் இரண்டு வருடம் கணக்கு என் கையில்தான் இருந்தது. பொன்னேரியில் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஊசி நாளைச் சுற்றி வட்டம் போட்டு வைப்பேன். ஒருமுறை வட்டம் நான்கு நாள் தள்ளி இருந்தது. பழைய வட்டத்தை ரப்பரால் அழித்த கறை அப்படியே தெரிந்தது. தங்கையை ஓங்கி அறைந்தேன். எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் பேசும். "சாவப் போறியாடி கள்ளி? இனிமே நீ காலண்டரத் தொடக் கூடாது. உன் கணக்கு எங்களுக்கு வேணாம். நாங்க சொல்ற அன்னிக்கி வாயத் தொறக்காம வந்து ஊசி போட்டுக்கணும்" என்றேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

அடுத்த வருடம் பட்டணத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பில் எனக்கு இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். நைனாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது, காலண்டர் பார்க்க வராது. படிக்கத் தெரிந்த ஒரே ஆள் தங்கை. அவளைத்தான் நான் கள்ளி என்று முடிவு கட்டியிருந்தேனே. அப்போதுதான் பாடு நினைவுக்கு வந்தது.

எங்கள் ஏரியில் நினைத்த அன்று நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் நல்ல இடம் கொஞ்சம்தான். அதற்காக அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஊர் ஆம்பிளைகளை மூன்று பிரிவாகப் பிரித்து முறை வைத்திருப்பார்கள். இன்று ஒரு பிரிவு, நாளை ஒரு பிரிவு, நாளை மறுநாள் ஒரு பிரிவு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். எங்கள் நைனாவுக்கு மூன்று நாளைக்கு ஒரு பாடு. பெற்ற பிள்ளையின் வயதைக் கேட்டால் வானத்தைப் பார்ப்பவர்கள்கூட அடுத்த பாடு என்றைக்கு என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார்கள். மூன்றை ஏழால் பெருக்கினால் இருபத்தொன்று. ஏழு பாடு, ஒரு ஊசி.

நைனாவிடம் சொன்னபோது அவர் அசந்துபோனார். "ஆஸ்பத்திரிக்காரனும் பாடு கணக்குதான் வச்சிகினு கீறானா?" என்று கேட்டார். அன்றைக்கே ஒரு பாக நீளம், அதாவது இரண்டு கை விரித்த நீளம், நைலான் நூலை வாசல் மூங்கிலில் கட்டினார். பாடு முடிந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் அதில் ஒரு முடிச்சு போடுவார். ஏழாவது முடிச்சு விழுந்த மறுநாள் தங்கையைப் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போவார். ஊசி போட்டுவந்ததும் ஏழையும் அவிழ்த்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. ஒன்றரை வருடம் ஒரு ஊசிகூடத் தவறவில்லை. ஹாஸ்டல் தோழிகளிடம் இந்தக் கணக்கை நான் பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை.

பட்டணத்தில்தான் தங்கையின் நோய் எனக்குப் புரிந்தது. மைக்ரோஸ்கோப்பில் அந்தக் கிருமியைக் காட்டினார்கள். கோத்த மணி மாதிரி வரிசையாக, பார்க்க அழகாக இருந்தது.

வகுப்பெடுத்த டாக்டர் அம்மா கரும்பலகையில் வட்டம் வட்டமாக அணுக்களை வரைந்து சொன்ன பாடம் இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. கிருமி உள்ளே வந்ததும் ஓர் அணு அதை விழுங்கித் துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேல் வைத்துக் காட்டும். டி அணு அதைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதன் துணை கிடைத்தால்தான் பி அணு பெருகி அந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்பொருளைச் செய்து ரத்தத்தில் விடும். பி அணு தன் இஷ்டத்துக்கு ஆடிவிட முடியாது. கிருமி ஒழிந்ததும் போதும் என்று நிறுத்தவும், இது நம் சொந்த உடம்பு, இதைத் தொடாதே என்று தடுக்கவும் வேறு சில டி அணுக்கள் உண்டு என்றார். நிறுத்தும் அணுக்களைப் பற்றி அன்று சொன்னதில் பாதி தப்பு என்று பிற்பாடு ஒதுக்கினார்கள். அப்புறம் வேறு பெயரில் அவை திரும்பி வந்தன. நான் அதற்குள் ரிப்போர்ட் எழுதி எழுதி விரல் காய்த்தவளாகிவிட்டேன்.

அன்று நான் எழுந்து ஒரு கேள்வி கேட்டேன். தொண்டைக் கிருமிக்காகச் செய்த எதிர்ப்பொருள் ஏன் இதயத்துக்குப் போகிறது? அந்தக் கிருமியின் மேல்தோலில் ஒரு பகுதி இதயத்தின் சதையைப் போலவே இருக்கிறது என்றார். எதிர்ப்பொருளுக்குக் கண் கிடையாது. ஒட்டுகிற இடத்தில் ஒட்டும். தடுக்க வேண்டிய அணுக்கள் சிலருடைய உடம்பில் தடுப்பதில்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் சொன்னார். ஒருமுறை பார்த்த கிருமியை மறக்காத அணுக்கள் சில, உடம்பில் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால் முதல்முறைபோல மெதுவாக அல்ல, சடசடவென்று எதிர்ப்பொருள் பெருகும். மற்ற நோய்களில் அது நமக்குக் காவல். இந்த நோயில் அதுவே எமன். பெனிசிலின் அந்த அணுக்களை ஒன்றும் செய்யாது. கிருமி உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதுவும் ரத்தத்தில் மூன்று வாரம்தான் நிற்கும். அப்புறம் கதவு திறந்த வீடு.

இத்தனையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். சிவப்பு மசியில் அடிக்கோடும் போட்டேன்.

அந்த வருடம் ஐப்பசியில் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. எப்போதும்போல முத்து முத்தான எழுத்து. பக்கத்து ஊரோடு சண்டை, முகத்துவாரத்து இடம் யாருக்கு என்று தகராறு, இரண்டு ஊர் வலையையும் அறுத்துப் போட்டுவிட்டார்கள், பேசி முடியும்வரை ஒருவரும் ஏரியில் வலை கட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், பாடு நின்று பத்து நாள் ஆகிறது, நைனா சும்மா உட்கார்ந்து எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார் என்று எழுதியிருந்தாள். அடுத்த வரி: எனக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டிக்கொண்டு எச்சில் முழுங்க முடியவில்லை, நீ வரும்போது எனக்கு ரிப்பன் வாங்கி வா.

இரண்டு வரியும் அடுத்தடுத்து இருந்தன. ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். நைனாவுக்கு அடி ஏதும் பட்டிருக்குமோ என்று கவலைப்பட்டேன். நீல ரிப்பனா பச்சையா என்று யோசித்தேன். கடிதத்தை மடித்து அந்த நோட்டுக்குள்ளேயே வைத்தேன். என் மண்டையில் ஒன்றும் தட்டவில்லை. களிமண் மண்டை என்று சொன்னால் களிமண்ணுக்குக் கோபம் வரும்.

கார்த்திகை பிறந்த சில நாளில் அவளை நான் படித்த ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நைனா தோளில் போட்டிருந்தார். பதினான்கு வயதுப் பெண் ஏழு வயதுப் பிள்ளை கனம்கூட இல்லை என்று பிறகு சொன்னார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார வைத்தே தூங்க வைத்தார்கள். வார்டில் சேர்த்துவிட்டு ரத்தத்தை நான்தான் எடுத்தேன். அந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் சோதனையை லேப்பில் நானே செய்கிறேன் என்று மேலாளர் அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கண்ணாடிக் குழாய்களை வரிசையாக அடுக்கி, ரத்தத்தின் தெளிநீரைக் குழாய்க்குக் குழாய் அதிகமாக நீர்க்க வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் அந்தக் கிருமியின் விஷத்தை ஒரே அளவு விட வேண்டும். அப்புறம் சிவப்பணுக்கள். எதிர்ப்பொருள் இருக்கிற குழாயில் விஷம் செத்துவிடும், சிவப்பணுக்கள் உடையாமல் அடியில் பொட்டாகப் படியும். எதிர்ப்பொருள் இல்லாத குழாயில் அவை உடைந்து குழாய் முழுக்கச் சிவக்கும். ஊசி ஒழுங்காகப் போட்ட பிள்ளைக்கு மூன்றாவது நான்காவது குழாயிலேயே சிவக்க வேண்டும். நான் குழாய் அடுக்கிய தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்றாவது பொட்டு. நான்காவது பொட்டு. கடைசிக் குழாய் வரைக்கும் பொட்டு. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் கடைசிக் குழாய் வரைக்கும் பொட்டு.

கிருமி புதிதாக உள்ளே வந்திருக்கிறது. நடுவில் கதவு திறந்திருக்கிறது.

வார்டு வராந்தாவில் நைனா குந்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "ஊசி எங்கியாவது வுட்டுப்போச்சா நைனா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா இப்பிடிக் கேக்குற? ஏழாவது முடிச்சு வுழுந்த மறுநாளே இட்டுகினு போயிட்டேன். கம்பவுண்டர் பாயக் கேட்டுப் பாரு."

"சண்டை நடந்தப்ப?"

"சண்டை நடந்தப்ப இன்னா?"

"அந்த நாளெல்லாம் எண்ணினியா நைனா?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "பன்னெண்டு நாளு பாடே இல்லியே. இல்லாத பாட்ட எப்பிடிம்மா எண்றது?" என்றார்.

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். இருபத்தொன்றும் பன்னிரண்டும் முப்பத்து மூன்று. முப்பத்து மூன்றாம் நாள் அவர் கண்ணும் கருத்துமாக, நான் சொன்னது சொன்னபடி, ஏழாவது முடிச்சுக்கு மறுநாள் ஊசி போட்டிருக்கிறார். கடிதத்தில் இருந்த தொண்டை வலி அதற்கு முந்தின வாரம். ஊர் சண்டைக்காகப் பாடு நின்றது. அவள் உடம்புக்குள் ஒன்றும் நிற்கவில்லை. அங்கே எவனும் கூட்டம் போட்டு, பேசி முடிகிறவரை கையை வைக்காதே என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய அணுக்கள் அவளுக்கு வாய்க்கவில்லை.

"இன்னாம்மா, சொல்லேன்" என்றார் நைனா. "ஒண்ணுமில்ல, டாக்டர் கேக்கச் சொன்னாங்க" என்றேன்.

தங்கை அந்த வார்டில் பதினெட்டு நாள் இருந்தாள். வால்வு கிழிந்த பை மாதிரி ஆகிவிட்டது, ஆபரேஷன் தாங்குகிற உடம்பு இல்லை என்று டாக்டர்கள் என்னிடம் சொன்னார்கள். நான் லேப் கோட்டு போட்டிருந்ததால் பூசி மெழுகாமல் சொன்னார்கள். ரிப்பன் வாங்கி வந்தேன், பச்சை. தலை பின்னிவிட்டேன். ஒருநாள் மதியம் அம்மா கீழே சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது நானே கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "ஊசி நாள் தாண்டிப் போச்சுன்னு உனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்க்கா" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, நடுநடுவே நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள். "காலண்டர்ல பாத்தேன். எட்டு நாளு தாண்டினப்ப நைனா கைல சொல்லலாம்னு போனேன். அப்பால நீதான் என் கணக்கு வேணாம்னியே. நீ படிச்சவ, பாடுதான் கணக்குன்னா அதுல ஏதோ கீதுன்னு வுட்டுட்டேன்."

அவள் என் கையை இழுத்து, "கொஞ்சம் சந்தோசமாவும் இருந்துச்சுக்கா. அந்த ஊசி அப்பிடி வலிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். பிறகு, "பாடு நின்னதத்தான் லெட்டர்ல எழுதினேனே, நீ பாக்கலியா?" என்று கேட்டாள்.

பார்த்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. பார்க்கவில்லை, தபால் வரவில்லை என்று சொன்னேன். சாகக் கிடந்த பிள்ளையிடம் பொய் சொன்னேன். அந்தக் கடிதத்தில் கேட்ட ரிப்பன் தலையில் இருந்தும் அவள் அதை நம்பினாள். நான் சொன்னதை அவள் நம்பாமல் இருந்ததே இல்லை.

ஒரு காலை வேளையில் போய்விட்டாள். பழவேற்காடு வரை வேனிலும் அங்கிருந்து நைனாவின் படகிலும் கொண்டுபோனோம். கம்பவுண்டர் பாய் துறைக்கு வந்து நின்றார். படகு தள்ளும்போது கை கொடுத்துத் தள்ளினார். ஊரில் சாவு விழுந்தால் அன்று பாடு கிடையாது. அவளுக்காகவும் ஒருநாள் நிறுத்தினார்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து முறை தொடர்ந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் எங்கள் பாடு. போக வேண்டாம் என்று அம்மா சொன்னாள். பதினாறு நாளாகச் சவரம் செய்யாத முகத்தோடு நைனா போனார். மத்தியானம் வெயில் ஏறின பிறகு திரும்பி வந்தார். நானும் அம்மாவும் வாசலில் இருந்தோம். வலையைத் தோளிலிருந்து இறக்கிப் போட்டார். கைகூடக் கழுவாமல் மூங்கிலில் தொங்கிய நூலைப் பிடித்தார். கடைசி ஊசிக்குப் பிறகு விழுந்த இரண்டு முடிச்சு அதில் இருந்தது. மூன்றாவது முடிச்சைப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினார். அதற்கு அப்புறம்தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவர் நூலை விடாமல் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏழு ஏழா எண்ணித்தானே போட்டேன். ஒண்ணுகூட வுடல. எங்கம்மா தப்புச்சு?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கடிதம் என் பெட்டியில், அந்த நோட்டுக்குள் இருந்தது. என் கணக்கு தப்பு நைனா, உன் எண்ணிக்கை தப்பில்லை என்று இரண்டு வார்த்தை. சொல்லியிருந்தால் அவர் சாகும்வரை அந்தக் கேள்வியோடு கிடந்திருக்க மாட்டார்.

"உன் மேல தப்பு இல்ல நைனா" என்று மட்டும் சொன்னேன். அப்படியென்றால் யார் மேல் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அந்த மூன்று முடிச்சையும் அவிழ்க்கப் பார்த்தார். நனைந்த நைலான், இறுகிப்போயிருந்தது, வரவில்லை.